வெர்னர் கேன்சர் மருந்து கண்டுபிடிக்கல

கும்பகோணம் பக்கம் ப்ளஸ் டூ குரூப்ல ஒரு ஃபார்வர்டு சுத்துது, வேதியியல் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெர்னர் சிஸ்பிளாட்டின்ங்கிற கேன்சர் மருந்து கண்டுபிடிச்சு 1913ல நோபல் வாங்குனாருன்னு. தப்புங்க. அந்தப் பொருள மொதல்ல செஞ்சது 1844ல இத்தாலிக்காரர் பெய்ரோன், அது செல் பிரியறத தடுக்குதுன்னு 1965ல சொன்னது அமெரிக்க விஞ்ஞானி ரோசன்பெர்க்கோட டீம், வெர்னர் 1919லயே இறந்துட்டாரு.

நோபல் கெடச்சது மூலக்கூறுல அணுக்கள் இணையுற விதத்த காட்டுனதுக்கு. கோபால்ட் குளோரைடோட ஆறு அம்மோனியா சேந்த உப்புல சில்வர் நைட்ரேட் ஊத்துனா மூணு குளோரைடும் வெள்ளையா படியும், அஞ்சு அம்மோனியான்னா ரெண்டுதான் படியும், மூணாவது குளோரைடு கோபால்ட் உலோகத்தையே நேரா புடிச்சிருக்குன்னு வெர்னர் சொன்னாரு, எவ்ளோ அழகான விளக்கம் பாருங்க!

நோபல் பரிசு வெப்சைட்லயே பாக்கலாம். பரிட்சைக்கு படிக்கிற புள்ளைங்க இருக்கற குரூப்பு, தயவுசெஞ்சு இத இனிமே ஃபார்வர்டு பண்ணாதீங்க, அனுப்புனவங்க டெலீட் பண்ணிடுங்க.