சங்கங்கள் கட்சிகளின் வால் என்றால் 2023 ஏப்ரலில் நடந்தது என்ன?
நாடு தழுவிய பெரிய சங்கங்களைப் பற்றிய ஒரு கட்டுரையில், 'மத்தியத் தொழிற்சங்கங்கள் எல்லாம் கட்சிகளின் வால்கள்தான்' என்று கட்டுரையாளர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். பாதிதான் உண்மை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தத்தைத் திமுக அரசு பேரவையில் நிறைவேற்றியபோது, அக்கட்சியின் சொந்தச் சங்கமான தொமுசவே (தொழிலாளர் முன்னேற்றச் சங்கம்) எதிர்த்தது. மே தினத்தன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுக்குப் பின்னால் நின்ற சிஐடியு யாருடைய சங்கம்? அன்றைய ஆளுங்கட்சியான திமுகவின் கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்டுகளுடையது. அப்படியும் சாம்சங் தொழிலாளர்களின் சங்கத்துக்குப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. வால் என்பது உண்மையாகிற மீதிப் பாதியை நானே பார்த்திருக்கிறேன். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த ஆலையில் போனஸ் பேச்சுவார்த்தையைத் 'தேர்தல் முடியட்டும்' என்று தள்ளிவைத்துவிட்டு எங்கள் சங்கத் தலைவர் கட்சி வேட்பாளருக்கு வாக்குக் கேட்கக் கிளம்பிவிட்டார் (வேட்பாளரும் தோற்றார், அது வேறு கதை). பழைய தொகையையே வாங்கிக்கொண்டு வீடு போனோம். அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் 'என் சந்தாவைக் கட்சிக்குக் கொடுக்க இவர்கள் யார்' என்று கேட்டிருக்கும் நண்பருக்கு: 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படியும் சரி, 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படியும் சரி, அரசியல் செலவுக்கான நிதியைச் சங்கம் தனியாகத்தான் திரட்ட வேண்டும். அதற்குப் பணம் தரும்படி எவரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது, தராதவரை ஒதுக்கிவைக்கவும் முடியாது. அடுத்த பொதுக்குழுவில் எழுந்து அந்தக் கணக்கைக் கேளுங்கள்.