பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தாலே நான்காம் நிலையா?

"பெட் ஸ்கேனில் நுரையீரலைத் தாண்டி எங்கே ஒளிர்ந்தாலும் புற்றுநோய் பரவிவிட்டது, அது நான்காம் நிலை, இனி சிகிச்சை வீண்" என்று நுரையீரல் புற்றுநோய் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஸ்கேனுக்கு முன் நரம்பில் ஏற்றுவது ஃப்ளூரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த ஒருவகை குளுக்கோஸ். அதை அதிகம் உறிஞ்சும் எந்தத் திசுவும் ஒளிரும். மூளை எல்லோருக்குமே பளிச்சென்று தெரியும். மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையும் அப்படித்தான். நம் நாட்டில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது டிபி. மார்பின் நடுவிலுள்ள நிணநீர்க் கணுக்களில் (நோய் எதிர்ப்புக்கு உதவும் சிறு முடிச்சுகளில்) டிபி இருந்தால், அதுவும் புற்றுநோய் போலவே ஒளிரும்.

வலது நுரையீரலில் 2 செ.மீ. கட்டி, மார்பின் இடப்பக்கக் கணுவில் ஒளி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணுவில் புற்றுநோய் இருந்தால் மூன்றாம் நிலை. பொதுவாக அறுவை சிகிச்சை கிடையாது. வெறும் டிபி என்றால் அதே நோயாளி முதல் நிலையில்தான் இருக்கிறார், கட்டியை அகற்றிக் குணமாக்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு பெரிய வித்தியாசம்! அதனால்தான் மூச்சுக்குழாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை விட்டு, கணுவில் ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கிறார்கள். பயந்துபோய் அதை மறுத்துவிடாதீர்கள்.

மூளையே பளிச்சென்று ஒளிர்வதால், அங்கே பரவிய சிறு கட்டி பெட் படத்தில் தெரியாமல் போகலாம். அதைப் பார்க்க எம்ஆர்ஐ வேண்டும்.

அப்புறம், நான்காம் நிலையே என்றாலும் சிகிச்சை வீண் இல்லை. கட்டியில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு, அதைக் குறிவைக்கும் மாத்திரையே நோயை மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்கிறது.