உள் ஆசிலேட்டரை நம்பும் முன்

மைக்ரோகண்ட்ரோலர் சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தர ‘உள் ஆசிலேட்டரே போதும், வெளியே வைக்கும் கிரிஸ்டல் வீண் செலவு’ என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எல்.இ.டி. மினுக்கவும் பட்டன் படிக்கவும் போதும்தான். பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் தொடர்புக்கும் அதையே சொன்னதை ஏற்க முடியவில்லை.

ஏடிமெகா328பி மைக்ரோகண்ட்ரோலர் சிப்பின் 8 மெகாஹெர்ட்ஸ் உள் ஆர்.சி. (மின்தடை, மின்தேக்கி) ஆசிலேட்டருக்கு டேட்டாஷீட் தரும் துல்லியம் 10 சதவீதம் கூடக் குறைய. அதுவும் 3 வோல்ட், 25 டிகிரியில். சிப்பின் சீரியல் தொடர்புப் பகுதியான யூஆர்ட்டில், ஒவ்வொரு பைட்டையும் தொடங்கும் ஸ்டார்ட் பிட்டிலிருந்து முடிக்கும் ஸ்டாப் பிட் வரை பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒரு பக்கத்தில் 2 சதவீதத்தைத் தாண்டினாலே ஆபத்துதான். நான் செய்த வெப்பமானி மேசையில் ஒழுங்காக ஓடியது, வெயிலில் வைத்ததும் குப்பை எழுத்துகளை அனுப்பியது. உள் ஆசிலேட்டரின் வேகத்தைத் திருத்தும் ஓஎஸ்சிகால் ரெஜிஸ்டரின் மதிப்பைச் சரிசெய்த பிறகுதான் அடங்கியது.

அப்புறம், கடிகாரம் அச்சுப்பிசகாமல் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடினாலும் 115200 பாட் (நொடிக்கு இத்தனை பிட்) வேகம் சரியாக வராது. கடிகார வேகத்தை வகுத்துத்தான் பாட் வேகம் கிடைக்கிறது; அந்த வகுத்தல் முழு எண்ணில் முடியாததால், யூஆர்ட்டின் இரட்டை வேக முறையிலும் 3.5 சதவீதப் பிழை நிற்கும். 9600 அல்லது 38400 என்றால் 0.2 சதவீதம்தான். இதைக் கட்டுரையில் கட்டாயம் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் புதியவர்கள் நாள்கணக்கில் வயரிங்கைச் சந்தேகித்துக்கொண்டு இருப்பார்கள்.

சிப் புதிதாக வரும்போது கடிகாரத்தை எட்டால் வகுக்கும் ஃபியூஸ் (சிப்பில் பதிந்திருக்கும் அமைப்பு பிட்) இயங்கிக்கொண்டிருக்கும், அதாவது 1 மெகாஹெர்ட்ஸ்தான். நிரலில் வைத்த டிலே எல்லாம் எட்டு மடங்கு நீண்டால் முதலில் அதைப் பாருங்கள்.