பேரைப் படிக்க நேரமில்லையாம்

ஜூலை 31, நம்ம மலேசியாவோட வீரர்கள் தினம், முடிஞ்சு இவ்வளவு நாள் ஆச்சு, நான் ஒண்ணும் எழுத வேணாம்னுதான் இருந்தேன். அதுக்கு நம்ம முன்னாள் பட்டாளத்துக்காரங்களக் கூப்பிட்டு மரியாதை செஞ்சாங்கல்ல, அந்த மண்டபத்து வீடியோவ எல்லாரும் பாத்துட்டீங்க, பாதிப் பேரு எனக்கே அனுப்பி "பாத்தியா"ன்னு கேட்டீங்க, அதனால திரும்ப ஷேர் பண்ணல. ஆனா நேத்து ராத்திரி அதுக்குக் கீழ ஒரு அண்ணன் போட்ட கமெண்ட்ட படிச்சேன் பாருங்க. "சம்பளம் வாங்கிட்டுத்தானே போனாங்க, இதுல என்ன பெரிய தியாகம், கூப்பிட்டு மாலை போட்டு சாப்பாடு போட்டாச்சுல்ல, இன்னும் என்ன வேணுமாம்"னு. அதுக்கு லைக் வேற. லைக் போட்டவங்கள்ல ரெண்டு பேரு எங்க சொந்தம். சரி, அப்ப எழுதிட வேண்டியதுதான்.

அண்ணே, மாலை எங்க பிரச்சினை இல்ல. பொன்னாடை பிரச்சினை இல்ல. பெருசுங்க வரிசையில நிக்கறதுக்குள்ள மீஹூன் தீந்து போச்சே, அதுகூட பிரச்சினை இல்ல. பேரைப் படிக்கல. அவ்வளவுதான் என் பிரச்சினை.

நான் அங்க இருந்தேன், அதனால கேள்விப்பட்டு எழுதல. எங்க பக்கத்து வீட்டு மாமாவ நான்தான் கார்ல கூட்டிட்டுப் போனேன். எங்கப்பாவோட ஒண்ணா ரேஞ்சர் ரெஜிமென்ட்டுல இருந்தவர். ஃபாரம் எல்லாம் முன்னாடியே குடுத்து எழுதி வாங்கிட்டுப் போயிருந்தாங்க, முழுப் பேரு, பட்டாள நம்பர், எந்த பட்டாலியன், எங்கெங்க போஸ்டிங்னு. அந்த மாமா கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு கட்டத்துலயும் பெரிய எழுத்துல எழுதினார், தப்பாயிடக் கூடாதுன்னு முதல்ல பென்சில்ல எழுதி அதுக்கு மேல பேனாவுல எழுதினார். அன்னிக்கு பெரே தொப்பி, மெடல், கஞ்சி போட்ட சட்டை. வெயில்ல வந்து அஞ்சு மணிக்கே உக்காந்துட்டாங்க எல்லாரும், பட்டாளத்துக்காரங்களுக்கு லேட்டா வரத் தெரியாது. ஒய்பி, அதான் தொகுதி மக்கள் பிரதிநிதி, வந்தது எப்பன்னு நான் சொல்ல வேணாம், வீடியோவுலயே தெரியும்.

அப்புறம் அந்த எம்சி தம்பி என்ன செஞ்சுச்சு? "இங்கு வந்திருக்கும் முன்னாள் இராணுவ வீரர்கள் அனைவரும் எழுந்து நிற்கவும்." கைத்தட்டல். "நன்றி, அமரலாம்." முடிஞ்சு போச்சு. அந்த மாமாவுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழ கட்டைக்கால், தாய்லாந்து பெத்தோங் எல்லைப் பக்கம் காட்டுல ஜெரங்காப் சமார, அதான் மறைச்சு வச்ச வெடிய, மிதிச்சதுல போனது. அவரு ஊன்றுகோல ஊனி, முன்னாடி சேரப் பிடிச்சு, நிமிந்து நிக்கறதுக்குள்ள "அமரலாம்" சொல்லிட்டாங்க. எல்லாரும் உக்காந்த பிறகு இவரு ஒருத்தரு மட்டும் தனியா நிக்கிறார். பின்னாடி வரிசையில ஒரு சின்னப் பையன் சிரிச்சான். அது வீடியோவுல இல்ல, நான் பாத்தேன்.

அதே மேடையில ஸ்பான்சருங்க பேரு ஒண்ணு விடாம படிச்சாங்க. டத்தோ இன்னார், டத்தோ ஸ்ரீ இன்னார், டெண்டு போட்டவரு, பந்தல்ல லைட்டு போட்டவரு, ஐஸ்கிரீம் குடுத்தவரு. ஐஸ்கிரீம் குடுத்தவரு பேரு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு, ரெண்டு தடவ படிச்சாங்கல்ல. வாழ்க.

கமிட்டியில இருந்து ஒருத்தர் எனக்கு தனியா மெசேஜ் போட்டு விளக்கம் சொன்னார், "ப்ரோக்ராம் லேட்டாயிடுச்சு சிஸ்டர், டைம் இல்ல." எந்த விளக்கத்த வேணும்னாலும் நான் ஏத்துக்குவேன், இத மட்டும் ஏத்துக்க மாட்டேன். லேட்டானது பெருசுங்களாலயா? ரெண்டு டான்ஸ் இருந்துச்சு, ஒண்ண குறைச்சிருக்கலாம். ஒய்பி பேச்சு இருந்துச்சு, அதுல பாதி அடுத்த எலெக்‌ஷன். அங்க இருந்த பெருசுங்களோட பேரு, ரேங்க், பட்டாலியன் எல்லாத்தையும் நிதானமா படிச்சாக்கூட ஒரு பாட்டு ஓடற நேரம்தான் ஆகும். ஃபாரம் வாங்கினீங்கள்ல, அந்தப் பேப்பரு எங்க போச்சு? மாமா பென்சில்ல எழுதி பேனாவுல எழுதின பேப்பரு? அதுல மீஹூன் மடிச்சீங்களா?

தைப்பிங் போயிருக்கீங்களா? ஜூ பாக்கப் போயிருப்பீங்க. அங்கிருந்து கொஞ்சம் மேல, மலைக்குப் போற ரோட்டுல, ரெண்டாம் உலகப் போர்ல செத்தவங்க கல்லறை இருக்கு, புல்லு வெட்டி வரிசை வரிசையா. இந்தியப் பட்டாளத்துக்காரங்களுக்குன்னு ஒரு பக்கம். ஜப்பான்காரன் 1941 டிசம்பர்ல இறங்கி, கம்பார்ல சண்டை, சிலிம் ரிவர்ல சண்டைன்னு இந்தப் பக்கம் செத்தவங்கள்ல நிறைய பேரு இந்திய டிவிஷன் ஆளுங்க. பேரு தெரிஞ்சவங்க கல்லுல எல்லாம் நம்பர், பேரு, ரெஜிமென்ட்டு. அடையாளம் தெரியாதவங்க கல்லுதான் அங்க நிறைய, பேரு தெரியலன்னாலும் அந்த ஆளுக்குன்னு தனியா ஒரு கல்லு வச்சிருக்கான். இதே வெள்ளைக்காரன்தான் பினாங்குல குண்டு விழுந்ததும் ராவோட ராவா தன் ஆளுங்கள மட்டும் கப்பல் ஏத்திட்டு நம்மள இங்க விட்டுட்டுப் போனவன், அவனுக்கு நான் சர்டிபிகேட் குடுக்கல. ஆனா செத்தவனுக்கு அவன் பேரு வெட்டி வச்சான், உயிரோட எதுத்தாப்புல உக்காந்திருந்தவங்க பேர மைக்ல படிக்க நமக்கு நேரமில்ல.

இப்ப அந்த சம்பளக் கதைக்கு வர்றேன். சம்பளத்துக்குத்தான் போனாங்க. ஆமா. எங்கப்பாவும் சம்பளத்துக்குத்தான் போனாரு. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டின வீட்டுப் பையன், அஞ்சு தங்கச்சி, வேற எதுக்குப் போவாரு, ஊரு சுத்திப் பாக்கவா? மலாய் ரெஜிமென்ட்டுல நம்மள எடுக்க மாட்டாங்க, அது 1933-ல இருந்து மலாய்க்காரங்களுக்குன்னே இருக்கற ரெஜிமென்ட்டு, அதனால ரேஞ்சர், சிக்னல், எஞ்சினியர், நேவி, ஏர்போர்ஸ்னு போனாங்க. டாக்டரும் சம்பளம்தான் வாங்கறாரு, வாத்தியாரும் சம்பளம்தான் வாங்கறாரு, ஆசிரியர் தினத்துக்கு மட்டும் கவிதை எழுதறீங்களே அண்ணே, அப்ப சம்பளம் ஞாபகம் வரலியா?

இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஆளுங்க நேதாஜி பட்டாளம்னா மட்டும் மீசைய முறுக்குவாங்க. எங்க சின்னத் தாத்தா ஐஎன்ஏ. வீட்டு ஹால்ல அவரு போட்டோ, சந்தன மாலை, ஒவ்வொரு தீபாவளிக்கும் முதல் பலகாரம் அவருக்குத்தான். எனக்கும் பெருமைதான். 1943-ல நேதாஜி சிங்கப்பூர் வந்து பொறுப்பேத்ததும் தோட்டத்து லயத்துல இருந்து கும்பல் கும்பலா போனாங்க, பொம்பளைங்க ஜான்சி ராணி படையில போனாங்க, கோலாலம்பூர்ல இருந்து போன ஜானகி ஆதி நாகப்பன் அம்மாவுக்கு 2000-ல இந்தியாவே பத்மஸ்ரீ குடுத்துச்சு. அதெல்லாம் சரி. ஆனா போன எல்லாரும் சுதந்திர தாகத்துல மட்டுமா போனாங்க? ஜப்பான் காலத்துல லயத்துல அரிசி ஏது, மரவள்ளிக்கிழங்குதான். சயாம்ல ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடிச்சுட்டுப் போனான், போனவன் பாதி திரும்பல. பட்டாளத்துல சேந்தா ரயிலுக்குப் பிடிக்க மாட்டான், ஒரு வேளை சோறாவது கிடைக்கும்னு போனவங்களும் இருந்தாங்க, எங்க சின்னத் தாத்தாவே அப்படித்தான்னு பாட்டி சொல்லும். பசிக்குப் போனவருக்கு மாலை, சம்பளத்துக்குப் போனவருக்கு நக்கலா?

அடுத்து ஒரு தம்பி வருவார், படிச்ச தம்பி. "கம்யூனிஸ்ட் பக்கமும் தமிழன் இருந்தான், அவன மறந்துட்டு அரசாங்கப் பட்டாளத்துக்கு ஏன் கொடி பிடிக்கிறீங்க"ன்னு. இருந்தாங்க தம்பி. கணபதிய 1949 மே 4-ம் தேதி புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க, தொழிற்சங்கத் தலைவர், அவரும் ஐஎன்ஏவுல இருந்தவர்தான். அவரு பேரையும் படிங்க, நான் எழுந்து நிக்கறேன். ஆனா அவர வச்சு எங்கப்பா வாய அடைக்காதீங்க. இதுக்கு மேல இந்த விஷயத்துல என்கிட்ட விவாதம் வேணாம்.

"அரசாங்கம் நமக்கு என்ன செஞ்சுச்சு, ப்ரமோஷன் குடுத்தானா, இப்ப நம்ம பிள்ளைங்க யாரு பட்டாளத்துல சேர்றாங்க" இது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்விதான், அதுக்கு ஒரு தனிப் பதிவே எழுதலாம். ஆனா நான் கேக்கறது அரசாங்கத்த இல்ல. அந்த மண்டபத்துல மைக்கு யாரு கையில இருந்துச்சு? நம்ம கையில. பேரு யாரு படிக்கல? நாம. இதுக்கும் புத்ராஜெயாவுல இருந்து அரசாங்கம் வந்து மைக் பிடிக்கணுமா?

நம்ம சின்னப் பிள்ளைங்ககிட்ட கேப்டன் மோகன சந்திரன் வேலாயுதன்னு சொல்லிப் பாருங்க, எந்தப் படத்துல நடிச்சவர்னு கேக்கும். கமாண்டோ. காட்டுல கம்யூனிஸ்ட்காரங்களோட நடந்த சண்டையில உயிர விட்டவர். இந்த நாட்டோட பெரிய வீர விருது, ஸ்ரீ பஹ்லவான் காகா பெர்காசா, அத வாங்கின பேருங்கள்ல அவரு பேரும் ஒண்ணு. நம்ம மேடையில எப்பவாவது கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்ல.

எமர்ஜென்சி, அதான் கம்யூனிஸ்ட்காரங்களோட நடந்த சண்டை, 1960 ஜூலை 31-ல முடிஞ்சதா ஸ்கூல் புக்குல படிச்சோம், அதனாலதான் அந்தத் தேதிய வீரர்கள் தினமா வச்சிருக்கோம், அத்தோட கதை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க. 1968-லயே கம்யூனிஸ்ட்காரங்க திரும்ப ஆரம்பிச்சாச்சு, அந்த வருஷம் ஜூன்ல க்ரோ - பெத்தோங் ரோட்டுல பதுங்கி அடிச்சு 17 பேர கொன்னாங்க, 1989 டிசம்பர்ல தாய்லாந்து ஹாட்யாய்ல சமாதானக் கையெழுத்து போடற வரைக்கும் ஓடுச்சு. அது எங்கப்பா காலம். கிரிக்ல இருந்து ஜெலிக்கு கிழக்கு மேற்கு ஹைவே போட்டாங்கள்ல, இப்ப நீங்க யானை பாக்க கார ஓரமா நிறுத்தி செல்பி எடுக்கறீங்களே அந்த ரோடு, அத போடறப்ப கம்யூனிஸ்ட்காரங்க மெஷினையே கொளுத்தினாங்க, பட்டாளம் காவலுக்கு நின்னுதான் 1982-ல திறந்தாங்க. எங்கப்பா அந்தக் காட்டுல மாசக் கணக்குல இருந்தவர். அட்டைக்கடி தழும்பு கணுக்கால் சுத்தி கொலுசு போட்ட மாதிரி இருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவருக்குக் காடு போகல. செருப்பு போடறதுக்கு முன்னாடி தலைகீழா தட்டுவாரு, பூட்ஸ் இல்ல, பாட்டா சிலிப்பர், அதுக்குள்ள என்ன இருக்கும்? ஆனாலும் தட்டுவாரு. எங்க ஸ்கூல் ஷூவையும் தட்டுவாரு. வாளி, குடை, டிபன் கேரியர், எல்லாத்துலயும் பட்டாள நம்பர சிவப்பு பெயிண்ட்ல எழுதி வச்சிருந்தாரு. தண்ணீர்மலைக்கு தைப்பூசத்துக்குப் போறப்ப அந்தத் தண்ணி பாட்டில்லயும் அதே நம்பர், எனக்கு வெக்கமா இருக்கும்.

பென்ஷன் கிடையாது. அப்பல்லாம் சாதாரண சோல்ஜருக்கு 21 வருஷம் முடிச்சாத்தான் பென்ஷன், பாட்டி படுத்துட்டாங்கன்னு அவரு அதுக்கு முன்னாடியே காண்ட்ராக்ட் முடிச்சு வந்துட்டார். வந்து என்ன செஞ்சாரு? ஜாகா வேலை, அதான் காவல்காரன். பிறை பக்கம் ஒரு ஃபேக்டரி கேட்ல. மெஷின் கன் பிடிச்ச கையில டார்ச்லைட்டு. கேட்டுக்குள்ள கார்ல வர்ற நம்ம ஆளு ஒருத்தன் ஹாரன் அடிச்சு "டேய் ஜாகா"ன்னு கூப்பிடுவான், எங்கப்பா வயசுல பாதி இருப்பான். அப்பா சல்யூட் அடிச்சுதான் தொறந்து விடுவாரு, கிண்டலுக்கு இல்ல, அவருக்குப் பழக்கம் அது.

குடிச்சாரான்னு கேப்பீங்க. சொந்தக்காரங்க ரெண்டு பேரு லைக் போட்டதுக்குக் காரணமும் எனக்குத் தெரியும். குடிச்சாரு. ராத்திரி ரம் குடிப்பாரு, சில நாள் மலாய்ல யாரையோ கூப்பிட்டு சத்தம் போடுவாரு, நாங்க ரூமுக்குள்ள இருப்போம். எங்க குடும்பத்துல கல்யாணம் காட்சின்னா "பட்டாளத்தான் வர்றான், போத்தல எடுத்து உள்ள வை"ன்னு சிரிப்பாங்க. அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டுச்சு, எங்கம்மாவுக்கும் கேட்டுச்சு. அவரு அனுப்பின காசுல கல்யாணம் ஆன தங்கச்சிங்களும் சேந்துதான் சிரிச்சாங்க. இத எழுதணும்னு ஆரம்பிக்கல, வந்துருச்சு, அழிக்க மாட்டேன்.

எங்கம்மா கதைய கேட்டா இன்னும் கோவம் வரும் உங்களுக்கு. சரவாக் போஸ்டிங் போனப்ப கைக்குழந்தையோட தனியா, போன் கிடையாது, ரேடியோவுல எல்லைப் பக்கம் சண்டைன்னு சொன்னா அன்னிக்கு அடுப்பு பத்த வைக்காது. அதுக்கெல்லாம் யாரு மெடல் குடுத்தா? மண்டபத்துல பெருசுங்க பக்கத்துல உக்காந்திருந்த அம்மாங்களையாவது ஒரு வார்த்தை சொன்னாங்களா? சரி, புருஷன் பேரையே படிக்கல, பொண்டாட்டி பேரு எங்க.

கமிட்டிக்கு நேராவே சொல்றேன். அடுத்த வருஷம் மாலை வேணாம், பொன்னாடை வேணாம், முன் வரிசையும் வேணாம், அத டத்தோங்களுக்கே குடுங்க. ஃபாரத்துல எழுதின பேர படிங்க. படிக்கறவங்க முன்னாடியே ஒரு தடவ வாய்விட்டுப் படிச்சுப் பழகிட்டு வாங்க, நின்னு முடிக்கற வரைக்கும் அடுத்த பேருக்குப் போகாதீங்க.

நான் ஒரு லிஸ்ட் போட ஆரம்பிச்சிருக்கேன். பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால், சுங்கை பாக்காப், தீவுப் பக்கம் டத்தோ கிராமட், கெலுகோர், பாலிக் புலாவ், எங்க இருந்தாலும் உங்க வீட்டுல அப்பா, தாத்தா, மாமா, பெரியப்பா, அக்கா யாராவது பட்டாளத்துல இருந்திருந்தா முழுப் பேரு, பட்டாலியன், எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும்னு கமெண்ட்ல எழுதுங்க. பட்டாள நம்பர் பப்ளிக்கா போடாதீங்க, இன்பாக்ஸ்ல அனுப்புங்க. அப்பா பேர முதல் கமெண்ட்ல போட்டுட்டேன், மாமா பேரு ரெண்டாவது, அவருகிட்ட கேட்டுட்டுத்தான் போட்டேன். லைக் போட்ட சொந்தக்காரங்களும் வரலாம், நம்ம குடும்பத்துல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, உங்களுக்கே தெரியும். சம்பளக் கணக்கு பேச வர்றவங்க நாளைக்கு வாங்க, இன்னிக்கு எனக்கு நைட் ஷிப்ட்.