வயலின் பெட்டியை மூடுனதுக்கு அப்புறம்

வாத்தியம் வாசிக்கிறவங்ககிட்ட "ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்குற ஆளுங்க பெரும்பாலும் பதிலை மனசுல வச்சுக்கிட்டுத்தான் கேக்குறாங்க. பாட்டு கேப்பேன்னு சொல்லணும், இல்லன்னா புதுசா ஏதாவது ட்யூன் போட்டுப் பாப்பேன்னு சொல்லணும். மீன் தொட்டி வச்சிருக்கேன், வாரா வாரம் கால்வாசி தண்ணி மாத்துவேன், கண்ணாடியில படியிற பாசிய சுரண்டுவேன்னு நான் சொன்னா அவங்க முகமே ஒரு மாதிரி ஆயிடுது. இருபத்துநாலு மணி நேரமும் ராகத்துலயே மிதக்குறவன்தான் அசல் கலைஞன்னு ஒரு நெனப்பு நம்ம எல்லாருக்கும் இருக்கு. அந்த நெனப்பு மேல எனக்கு ரொம்ப நாளா கடுப்பு, அதான் இந்த நீளப் பதிவு, பொறுமை இருக்கறவங்க படிங்க.

மத்தவங்க வேலை முடிஞ்சு வந்து பாட்டு போட்டுக்கிட்டு சாஞ்சு உக்காருவாங்க. எங்களுக்கு அந்தப் பாட்டேதான் வேலை. காலைல க்ளாஸ், மத்தியானம் ப்ராக்டிஸ், சாயங்காலம் ரிகர்சல், இதுக்கு நடுவுல காது ஒரு நிமிஷம் கூட லீவு எடுக்காது. டீ குடிக்கப் போன எடத்துல யாரோ ஒருத்தர் போன் ரிங்டோன் அடிச்சா கூட அது என்ன ஸ்வரம்னு மண்டைக்குள்ள ஓடும். என் மீன் தொட்டியோட ஏர் பம்ப் இருக்கே, 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஓடுறதால அதோட ரீங்காரம் ஜி நோட்டுக்கு ஒரு துளி மேல நிக்கும், அந்த ஒரு துளி இருக்கு பாருங்க, அது என்னைப் படுத்துன பாடு. கடைசில பம்புக்கு அடில ஸ்பாஞ்ச் வச்சு அமுக்குனேன். மீனுங்க மட்டும் பாவம், வாயத் திறந்து மூடுமே ஒழிய சத்தம் வராது. எனக்கு அதுதான் வேணும்.

இது எனக்கு மட்டும் இருக்குற கிறுக்கு இல்லன்னு தெரிஞ்சுக்கத்தான் பெரிய பெரிய ஆளுங்க வாசிக்காத நேரத்துல என்ன பண்ணாங்கன்னு தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு த்வோராக். செக் நாட்டு கம்போசர், சிம்பொனி எழுதி உலகமே கொண்டாடுன மனுஷன், ஆனா ப்ராக் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் இஞ்சின் பாக்குறதுதான் அவருக்கு உசுரு. எந்த வண்டி எத்தன மணிக்கு, எந்த இஞ்சின் நம்பர், எல்லாம் மனப்பாடம், டிரைவருங்களோட பழக்கம் வேற. தன்னால போக முடியாத ஒரு நாள், சிஷ்யன் ஜோசப் சூக்கை அனுப்பி இஞ்சின் நம்பரைக் குறிச்சுக்கிட்டு வரச் சொன்னாராம், அந்தப் பையன் இஞ்சினுக்குப் பின்னால இருக்குற கரிப்பெட்டி நம்பரைக் குறிச்சுட்டு வந்து நின்னானாம், அப்போ சூக்குக்கும் இவர் பொண்ணுக்கும் காதல் ஓடிக்கிட்டு இருந்த நேரம், "இவனையா கட்டிக்கப் போற"ன்னு பொண்ணுகிட்ட கேட்டாராம். கொஞ்சம் மசாலா சேந்திருக்கலாம், ஆனா அந்தக் கல்யாணம் 1898ல நல்லபடியா நடந்துச்சு. 1892ல நியூயார்க் போனப்போ அங்க ரயில் பாக்குறது அவ்வளவு சுலபமா இல்ல, உடனே மனுஷன் துறைமுகத்துக்குப் போய் கப்பல் பாக்க ஆரம்பிச்சுட்டாரு. கிராமத்து வீட்டுல புறா வளத்தது தனிக்கதை.

ரயிலுக்கும் பாட்டுக்காரங்களுக்கும் என்ன சம்பந்தமோ தெரியல, இங்கிலாந்து ராக் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டும் அதே கேஸ்தான். 1940கள்ல இருந்த மாதிரி ஒரு அமெரிக்க நகரத்தோட குட்டி மாடல், கட்டடம் பாலம் தண்டவாளம்னு வீட்டு மாடியில இருபது வருஷத்துக்கு மேல உக்காந்து கட்டியிருக்காரு. டூர் போனா ஹோட்டல்ல இன்னொரு ரூம் சேத்துப் போட்டு அதுல பசை, பெயிண்ட், குட்டிக் குட்டி ஜன்னல் எல்லாம் பரப்பி வச்சு வேலை பாப்பாராம். 2019ல மாடல் ரயிலுக்குன்னே வர்ற ஒரு பத்திரிகை இதைப் போட்டுச்சு. பிபிசி ரேடியோல ஒருத்தர், இதெல்லாம் இவரேவா பண்ணியிருப்பாருன்னு லேசா சந்தேகப்பட்டுட்டாரு. ராட் ஸ்டூவர்ட் நேரா ஸ்டேஷனுக்கு போன் போட்டு, தொண்ணூறு சதவீதம் என் கையால பண்ணது, எலெக்ட்ரிக்கல் வேலை மட்டும் எனக்கு வராது, அதுக்கு ஆள் வச்சேன்னு சொல்லிட்டாரு. எனக்கு அந்த போன் காலை விட அந்த "எனக்கு வராது"தான் ரொம்பப் பிடிச்சுது. இத்தன கோடி ரெக்கார்டு வித்த மனுஷன், மேடையில நின்னு "இந்த மேல் ஸ்தாயி எனக்கு வராது"ன்னு சொல்ல முடியுமா? ஒயரிங் வராதுன்னு சொல்லலாம், யாரும் டிக்கெட் காசைத் திருப்பிக் கேக்கப் போறதில்ல.

நான் சொல்ல வர்றதும் அதுதான். வாத்தியக்காரனுக்கு மார்க் போட ஆளே இல்லாத ஒரு எடம் வேணும். நாங்க சின்ன வயசுலேர்ந்து தப்பு கண்டுபிடிக்கறதுக்குன்னே பழக்கப்பட்டவங்க. வயலின்ல விரல் ஒரு மயிரிழை நகந்தா ஸ்ருதி போச்சு, அதை மொதல்ல கேக்குறது நம்ம காது, அப்புறம் குரு, அப்புறம் பக்கத்துல வாசிக்கிறவரு, அப்புறம் சபை. இருபது முப்பது வருஷம் இப்படி ஓடுனா மனசுக்குள்ள ஒரு எக்ஸாமினர் நிரந்தரமா குடி வந்துடுறாரு. அவரை வெளிய அனுப்புறதுக்கு ஒரே வழி, அவருக்கு சுத்தமா ஒண்ணும் தெரியாத விஷயத்துல போய் உக்காந்துக்குறது. மீன் வளக்குறதுல என் எக்ஸாமினருக்கு சிலபஸே தெரியாது. புதுத் தொட்டி வச்சா மொதல்ல மீன் கழிவுலேர்ந்து அம்மோனியா ஏறும், ஒரு பாக்டீரியா வந்து அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு வந்து அதை நைட்ரேட்டா மாத்தும், இது செட் ஆக வாரக்கணக்கா ஆகும். நீங்க எவ்வளவு ப்ராக்டிஸ் பண்ணாலும் அது வேகமாகாது. நாளைக்கே கச்சேரி இருக்குன்னு பாக்டீரியாகிட்ட சொல்ல முடியாது. அந்த நிதானம் எனக்கு வேற எங்கயும் கெடைக்கல.

இந்த எடத்துலதான் எனக்குக் கோவம் வர்ற இன்னொரு சமாச்சாரம் இருக்கு. "செஸ் ஆடுனா இசையறிவு வளரும்", "தோட்ட வேலை செஞ்சா தாளம் நிக்கும்", "ஓவியம் வரைஞ்சா மனோதர்மம் கூடும்" மாதிரி வர்ற அட்வைஸ் எல்லாம். ஏன்யா, ஒரு மனுஷன் சும்மா செடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதா? அதுலயும் ஒரு லாபக் கணக்கு பாத்து, அதையும் ப்ராக்டிஸ் ஹவர்ல சேத்து, கடைசில பொழுதுபோக்கும் ஹோம்வொர்க் ஆயிடுது. வளந்தா வளரட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா அதுக்காக ஆடுறவன் செஸ் ஆடல, அப்பவும் ப்ராக்டிஸ்தான் பண்ணிக்கிட்டு இருக்கான்.

செஸ்ஸுன்னதும் ரஷ்ய கம்போசர் ப்ரோகோஃபியவ்வை விட முடியாது. 1914ல கபப்ளாங்கா ஒரே நேரத்துல பல பேரோட ஆடுன ஆட்டத்துல இவரும் உக்காந்து ஒரு ஆட்டம் ஜெயிச்சிருக்காரு, அந்த கபப்ளாங்காதான் பின்னால 1921ல உலக சாம்பியன் ஆனவரு. 1937ல மாஸ்கோவுல இவரும் வயலின் மேதை டேவிட் ஓய்ஸ்ட்ராக்கும் செஸ் மேட்ச் ஆடுனாங்க, அதுல போட்ட கண்டிஷன் என்ன தெரியுமா, தோத்தவர் கச்சேரி பண்ணணும். எனக்கு இதைப் படிச்சப்போ சிரிப்பு தாங்கல. ஊரே டிக்கெட் வாங்கி வந்து கேக்குற கச்சேரி, இவங்களுக்குள்ள தண்டனை!

தைமானோவ் விஷயம் இதுக்கு நேர் எதிர். அவரு செஸ்ல கிராண்ட்மாஸ்டர், பியானோவுல முழுநேரக் கச்சேரிக்காரர், எது தொழில் எது பொழுதுபோக்குன்னு சொல்லவே முடியாது. பியானோ வாசிக்கும்போது செஸ்லேர்ந்து ஓய்வு, செஸ் ஆடும்போது பியானோவுலேர்ந்து ஓய்வுங்கற மாதிரி சொல்லியிருக்காரு. 1971ல அமெரிக்க செஸ் மேதை பாபி ஃபிஷர்கிட்ட ஆறுக்கு பூஜ்யம்னு தோத்து, அதுக்கு சோவியத் அதிகாரிங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டப்போ அவரைத் தாங்கிப் பிடிச்சது அந்த பியானோதான். இந்த மாதிரி ரெண்டு கால்ல நிக்கிறவங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு. ஆனா எல்லாருக்கும் ஆகாது. ரெண்டாவதுலயும் ஃபிஷர் வந்து நிப்பாரு.

அமெரிக்க கம்போசர் ஜான் கேஜ் காளான் பைத்தியம். சும்மா காட்டுல பொறுக்குற அளவு இல்ல, 1959ல இத்தாலி டிவியில ஒரு க்விஸ் ப்ரோகிராம்ல காளானைப் பத்தின கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி 50 லட்சம் லிரா ஜெயிச்சாரு, 1962ல நியூயார்க்ல காளான் ஆர்வலர் சங்கம் ஆரம்பிச்சதுல அவரும் ஒருத்தர். ஆஸ்திரியா கம்போசர் ஷோன்பெர்க் டென்னிஸ் ஆடுவாரு, படம் வரைவாரு, போதாததுக்கு நூறு கட்டம் வச்சு நாலு பேர் ஆடுற ஒரு செஸ்ஸை அவரே கண்டுபிடிச்சாரு, மகன் ஆடுற டென்னிஸ் மேட்சைக் குறிச்சு வைக்க தனியா ஒரு குறியீடு வேற. இவரைப் பாக்கும்போது மட்டும் எனக்கு ஒரு சந்தேகம் வரும், இந்த மனுஷன் ஓய்வே எடுக்கலையோன்னு.

நம்ம பக்கம் வந்தா இளையராஜாவோட கேமரா பிரியம் தெரிஞ்சதுதான், லதா மங்கேஷ்கருக்கு கேமராவும் கிரிக்கெட்டும் ரெண்டுமே உசுரு. க்வீன் குழுவோட கிட்டார்காரர் பிரையன் மேவுக்கும் பழைய முப்பரிமாண போட்டோன்னா கிறுக்கு, அதோட 1970கள்ல பாதில விட்ட வானியல் ஆராய்ச்சியைத் திரும்ப எடுத்து முடிச்சு 2007ல டாக்டர் பட்டமே வாங்கிட்டாரு. இப்படி வரிசையாப் பாத்தா, கேமரா, ஓவியம், ரயில் செட்டுன்னு கையில மிஞ்சுற மாதிரியான விஷயமாத்தான் நெறைய இருக்கு. என் ஊகம் என்னன்னா, நாங்க நாள் முழுக்க பண்றது காத்துல போயிடுது. ரெக்கார்டிங் இருக்கேன்னு சொல்லலாம், ஆனா இன்னைக்கு சாயங்காலம் வாசிச்சது இன்னைக்கு சாயங்காலத்தோட முடிஞ்சுது. அதனால தொட்டுப் பாக்குற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும்னு கை தானா தேடும்போல. ரோலிங் ஸ்டோன்ஸ் ட்ரம்மர் சார்லி வாட்ஸ் 1967லேர்ந்து டூர்ல தான் படுத்த ஒவ்வொரு ஹோட்டல் படுக்கையையும் வரைஞ்சு வச்சாரு. கீழ கூட்டம் கூச்சல் போட்டுக்கிட்டு இருக்கும், இவரு மேல தலகாணி மடிப்பை வரைஞ்சுக்கிட்டு இருப்பாரு. வெளிய இருந்து பாக்குறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு, வாசிக்கிறவங்க வாழ்க்கையில வாசிக்கிற நேரத்தை விட காத்துக்கிட்டு இருக்குற நேரம்தான் ஜாஸ்தி. மைக் செட் ஆகுற வரைக்கும், வேன் வர்ற வரைக்கும், முன்னாடி ஆடுறவங்க முடிக்கிற வரைக்கும். அந்த நேரத்துல போனை நோண்டாம நோட்டும் பென்சிலும் எடுக்குறவங்க புத்திசாலிங்க.

சரி, எது வேணா பண்ணலாமான்னா அதுவும் இல்ல. கை விஷயத்துல நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. எல்லாரும் ரம்பம், சமையல் கத்தின்னுதான் பயப்படுவாங்க, ஆனா சத்தமில்லாம ஆளைக் கவுக்குறது பின்னல் வேலை, வீடியோ கேம், போன்ல மணிக்கணக்கா டைப் அடிக்கிறது இதெல்லாம்தான். நாலு மணி நேரம் வாசிச்சு அசந்துபோன அதே தசைநாருக்கு ராத்திரி இன்னும் ரெண்டு மணி நேரம் வேலை குடுத்தா அதுக்கு ஓய்வுன்னே தெரியாது, ஹாபின்னா அதுக்குப் புரியவா போகுது. காதும் அப்படித்தான். 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும் தாங்கலாம்னு ஒரு கணக்கு சொல்றாங்க, அதுக்கு மேல 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியா குறையும், அப்போ 100 டெசிபல் கத்துற மர அறுவை மிஷின் முன்னால கால் மணி நேரம்தான். அந்த நாள் கோட்டாவுல பாதியை ஏற்கனவே ட்ரம்ஸ் பக்கத்துல உக்காந்து செலவு பண்ணியிருப்போம். மர வேலை பிடிச்சா தாராளமா பண்ணுங்க, காதுக்கு அடைப்பு போட்டுக்கங்க, அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்து இப்போ புதுசா வந்திருக்கு. கொஞ்சம் நல்லா பண்ணா போதும், "இதை வீடியோ எடுத்து சேனல் போடலாமே"ன்னு ஒருத்தர் வந்துடுவாரு. எனக்கும் வந்தாங்க. தொட்டி அழகா இருக்கு, பின்னணியில நீங்களே வயலின் வாசிச்சுப் போட்டா பிச்சுக்கும்னாங்க. வாழ்க்கையில வயலின் இல்லாத ஒரே மூலை அது, அங்கயும் கொண்டுபோய் வயலினை வைக்கணுமாம்!

கடைசியா, க்ளாஸுக்குப் பிள்ளைங்களை அனுப்புற அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. "சார், பையன் எப்பப் பாத்தாலும் கார்ட்டூன் வரைஞ்சுக்கிட்டே இருக்கான், நிறுத்தச் சொல்லட்டுமா, ப்ராக்டிஸ் குறையுது"ன்னு வருவீங்க. ப்ராக்டிஸ் குறைஞ்சா ப்ராக்டிஸைப் பத்திப் பேசுவோம், அரை மணி நேரமானாலும் அதை உருப்படியா எப்படிப் பண்றதுன்னு நான் பாத்துக்குறேன். அவன் நோட்டைப் புடுங்காதீங்க. சில வாத்தியாருங்க இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, எல்லாத்தையும் மூட்டை கட்டுன்னுதான் சொல்லுவாங்க. அவங்க சொல்றதுல ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் நானும் கை தூக்குறேன், கச்சேரிக்கு முந்தின வாரம் பையனை வாலிபால் ஆட அனுப்பாதீங்க.