உள்ளங்கையளவுத் துணி சொல்லாமல் விடுவது

ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டில் செய்யும் உடைத் தொகுப்புகளைப் பார்த்துக் கருத்துச் சொல்ல அவ்வப்போது என்னை அழைக்கிறார்கள். மேசைமேல் முதலில் வந்து விழுவது எப்போதும் அந்தத் தடித்த ஸ்கெட்ச்புக்தான். தொடக்கப் பக்கங்களில், தொகுப்பின் மனநிலையைக் காட்டும் படங்களை ஒட்டிய மூட் போர்டு: பாசி படிந்த சுவரின் புகைப்படம், பழைய வரைபடம் ஒன்றின் நகல், நான்கைந்து வண்ணத் துண்டுகள். அடுத்து, இயற்கையில் எவருக்கும் வாய்க்காத நீண்ட கால்களுடன் வரிசையாக நிற்கும் உருவங்கள். எங்கோ ஒரு மூலையில், குண்டூசி குத்தி, உள்ளங்கையளவில் ஒரு துணித் துண்டு. நான் அந்தத் துண்டைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பேன். இதை எப்படிச் செய்தீர்கள், இதையே நான்கு மீட்டர் செய்ய முடியுமா என்று கேட்டால், அதுவரை சரளமாக வந்துகொண்டிருந்த பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

ஒரு தொகுப்பு உருவாவதும் உருவாகாமல் போவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்தத் துண்டுக்கும் முழு மீட்டருக்கும் இடையில் நடக்கும் வேலைதான் துணியின் வடிவமைப்பு. ஆனால் நம் பாடத்திட்டங்கள் அதற்குக் கொடுக்கும் நேரம் மிகக் குறைவு; ஓவியத்துக்கும் மேடைக்கும் கொடுக்கும் நேரமோ மிக அதிகம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் இறுதியாண்டுத் தொகுப்பில் ஆறு உடைகள் இருக்க வேண்டும் என்று திட்டம். தையல் இயந்திரத்தில் அடிநூல் சுற்றும் பாபினில் எலாஸ்டிக் நூலைச் சுற்றி, மெல்லிய பருத்தித் துணியில் நெருக்கமாக இணைகோடுகள் தைத்தால், துணி சுருங்கி, மேற்பரப்பு முழுவதும் புடைத்து நிற்கும். நான் செய்த மாதிரியில் 30 சென்டிமீட்டர் துணி 12 சென்டிமீட்டராகச் சுருங்கியது. விரலால் இழுத்துவிட்டால் துள்ளிக்கொண்டு பழைய நிலைக்குத் திரும்பும். அந்த ஒரு துண்டின் மயக்கத்திலேயே ஆறு உடைகளையும் வரைந்து முடித்தேன். தையல்கோடுகள் தோளிலிருந்து கீழ்நோக்கி ஓடும் நீள உடை ஒன்று அவற்றில் முதன்மையானது. முழங்கால்வரை வரவேண்டிய அந்த உடையைத் தைத்து முடித்து உருவபொம்மையில் மாட்டியபோது, அது கணுக்காலைத் தொட்டது. தோளருகே சுருக்கத்தின் சுவடே இல்லை. இடுப்புக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது. அடிவிளிம்பில் மட்டும் என் மாதிரித் துண்டு அப்படியே இருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. தொங்கும் துணியின் மேற்பகுதி தனக்குக் கீழே உள்ள அத்தனை எடையையும் தாங்குகிறது. அடிவிளிம்பு எதையும் தாங்குவதில்லை. எலாஸ்டிக் நூல் அந்தந்த இடத்தின் சுமைக்கு ஏற்பத்தான் இழுபடும். என் கையில் இருந்த துண்டுக்குத் தாங்குவதற்கு எடையே இல்லாததால், அது இதை எனக்குச் சொல்லியிருக்க வழியில்லை. ஒரு மீட்டர் தைத்து ஒரு நாள் தொங்கவிட்டிருந்தால் தெரிந்திருக்கும். கோடுகளைக் குறுக்குவாட்டில் திருப்பியிருக்கலாம். அல்லது மேலிருந்து கீழாகச் சுருக்கம் கூடிக்கொண்டே போவதையே உடையின் வடிவமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டுக்கும் நேரம் இல்லை. ஐந்து உடைகளோடு மேடையேறினேன்.

என்னை இன்றும் உறுத்துவது அந்தத் தோல்வி அல்ல. மதிப்பீட்டுக் குழு, தொகுப்பு உருவான விதத்தைக் காட்டும் என் செயல்முறைப் புத்தகத்தை வெகுவாகப் பாராட்டியது. அந்தப் புத்தகத்தின் பாதிப் பக்கங்களை நான் உடைகளைத் தைத்து முடித்த பிறகுதான் வரைந்திருந்தேன். முடிவு தெரிந்த பிறகு அதற்குப் பொருத்தமான தேடலைப் பின்னோக்கி இட்டுக்கட்டினேன். தேநீர்க் கறையைக்கூட வேண்டுமென்றே வைத்தேன். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நான் பார்க்கும் புத்தகங்களிலும் அந்தக் கைவண்ணம் எனக்கு அடையாளம் தெரிகிறது. உண்மையான செயல்முறை அழகாக இருக்காது. அது ஒரு பையில் திணித்துவைத்த நாற்பது துண்டுகளாகவும், ஒவ்வொன்றிலும் ஒட்டிய தாளில் கிறுக்கிய எண்களாகவும்தான் இருக்கும்.

அந்த எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அதுதான். சாயத்தின் அளவைத் துணியின் எடையில் இத்தனை சதவீதம் என்றுதான் கணக்கிடுவார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள பருத்தித் துணியை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் மாதிரியின் எடை வெறும் 1.5 கிராம். அதற்கு 2 சதவீதச் சாயம் என்றால் 0.03 கிராம். சாதாரணத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. ஆகவே மாணவர் கரண்டி நுனியில் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுகிறார்; அற்புதமான ஒரு மங்கிய செம்மை கிடைக்கிறது; அதைச் சுற்றியே தொகுப்பின் வண்ணங்கள் முடிவாகின்றன. பிறகு ஒன்றரை மீட்டர் அகலத்தில் மூன்று மீட்டர் துணிக்குச் சாயமேற்றும் நாள் வருகிறது. துணியின் எடை 675 கிராம், சாயம் 13.5 கிராம். கணக்கு சரிதான். ஆனால் அன்று போட்ட சிட்டிகை 0.03 கிராம்தானா, 0.08 கிராமா என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் செம்மை திரும்ப வருவதே இல்லை.

இதற்கான வழி சாயப்பட்டறைகளில் அன்றாடம் புழங்குவதுதான். 1 கிராம் சாயத்தைக் கரைத்து 100 மில்லிலிட்டர் கரைசலாக்கி வைத்துக்கொண்டால், 0.03 கிராம் என்பது ஊசிக்குழலில் எடுக்கக்கூடிய 3 மில்லிலிட்டர் ஆகிவிடும். இதோடு நீரின் அளவு, வெப்பம், நேரம், துணியை எத்தனை முறை புரட்டினோம் என்பதையெல்லாம் எழுதிவைத்தால்தான் அந்தத் துண்டு ஒரு மாதிரி. எழுதாவிட்டால் அது வெறும் நினைவுச்சின்னம். சிறு கிண்ணத்தில் தாராளமாக மிதந்த துணி, பெரிய பாத்திரத்தில் மடிந்து நெருக்கிக்கொண்டு கிடந்தால் திட்டுத்திட்டாகத்தான் சாயம் ஏறும் என்பதும் அந்தக் குறிப்பிலிருந்துதான் பிடிபடும்.

துணியிலிருந்து தொடங்க வேண்டும் என்று நான் சொல்லும்போது, கற்பனையை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடச் சொல்வதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். கற்பனையில் யாருக்கும் சளைக்காதவர்கள் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1993இல் லண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படிப்பை முடித்த ஹுசைன் சாலயான், தன் இறுதித் தொகுப்பின் உடைகளை இரும்புத் துருவல்களோடு மண்ணில் புதைத்து, பின்னர் தோண்டி எடுத்துக் காட்டினார். துருவின் நிறத்தை அவர் காகிதத்தில் முன்கூட்டி வரைந்திருக்க முடியாது. மண்ணும் ஈரமும் நேரமும் சேர்ந்து துணியில் செய்ததை ஏற்றுக்கொண்டுதான் வடிவமைத்திருக்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே மடிப்புத் துணியை வாங்கி வெட்டும் வழக்கத்தையே தலைகீழாக்கினார். உடையை இறுதி அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாகத் தைத்து, அதன்பிறகு தாள்களுக்கு நடுவில் வைத்து வெப்ப அழுத்தத்தில் மடிப்பேற்றினார். பாலியெஸ்டர் வெப்பத்தில் பெற்ற வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் இழை என்பதால்தான் அது நடந்தது. வெறும் பருத்தியில் முயன்றிருந்தால் முதல் சலவையோடு கதை முடிந்திருக்கும். இழையின் குணம் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்தக் கற்பனை தோன்றும்.

துணியை இழைகளுக்குச் சாய்வாக வெட்டி உடலோடு வழியவிட்டுப் புகழ்பெற்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் மதலின் வியோனேயை எனக்கு எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அவர் சிறிய மரபொம்மைமீது துணியைப் போர்த்தித்தானே வடிவங்களைக் கண்டார் என்று. உண்மைதான். ஆனால் அவர் கையில் இருந்தது பென்சில் அல்ல, துணி. மேலும் தன் வெட்டுக்கு ஏற்ற அதிக அகலத்தில் துணியைத் தனியாக நெய்து தரச் சொன்னவரும் அவர்தான். நீளவாட்டு இழையான பாவுக்கும் குறுக்கு இழையான ஊடைக்கும் 45 பாகையில் வெட்டிய துணி தொங்கத் தொங்க நீளும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகவும் நீளாது. அதனால்தான் அனுபவம் உள்ள தையல்காரர்கள் அப்படி வெட்டிய உடையை ஒரு நாளாவது தொங்கவிட்டு, அதன்பிறகே அடிவிளிம்பைச் சமன்செய்து மடித்துத் தைக்கிறார்கள்.

முழு மீட்டர் மாதிரிகளுக்குத் துணியும் பணமும் நேரமும் அதிகம் பிடிக்கும் என்ற மறுப்பு நியாயமானது; அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அதற்கு என் பதில், உடைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதே. இத்தனை உடை என்ற கட்டாயம் யாருக்காக? மேடையில் வரிசை நிறைந்து தெரிய வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணத்தை நான் இதுவரை கேட்டதில்லை. நான்கு உடைகள் போதும். மிச்சமாகும் வாரங்களில், உருவங்களை வரையத் தொடங்கும் முன்பே, மூன்று துணிகளை ஒவ்வொரு மீட்டர் செய்து, தொங்கவிட்டு, துவைத்து, இஸ்திரி போட்டு, கசக்கி, அதன்பின் எஞ்சுவதை மட்டும் வைத்து வரையட்டும். மதிப்பெண்ணில் ஒரு பங்கை மாதிரிகளுக்கும் அவற்றின் குறிப்புகளுக்கும் ஒதுக்கினால், என்னைப் போலப் பின்னோக்கிப் புத்தகம் வரைபவர்களுக்கு வேலை இருக்காது.

சென்ற முறை நான் போயிருந்தபோது ஒரு மாணவி, ஸ்கெட்ச்புக்கைத் திறக்காமல், பட்டறையின் ஓரத்தில் கம்பியில் மாட்டியிருந்த துணியிடம் என்னை அழைத்துப் போனார். கம்பளி நூலும் பருத்தி நூலும் மாறிமாறி ஊடையில் ஓடும் துணி. நெய்த பிறகு வெந்நீரில் போட்டுக் கசக்கியதில் கம்பளிப் பட்டைகள் சுருங்கித் தடித்திருந்தன, பருத்திப் பட்டைகள் இடம் இல்லாமல் குமிழ்குமிழாகப் புடைத்திருந்தன. பக்கத்தில் ஒரு தாளில் தறியில் இருந்த அகலம், இறக்கிய பிறகு வந்த அகலம், கசக்கிய பிறகு வந்த அகலம் என்று மூன்று அளவுகள். இதில் என்ன உடை செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் தெரியாது என்றார். நேற்றைவிட இன்று நீளம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டேப்பின் மறுமுனையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பிடித்துக்கொண்டேன். நான்கு மில்லிமீட்டர் கூடியிருந்தது.