சிறையில் சாதி பார்த்து வேலை: அது 2024 வரை சட்டப் புத்தகத்திலேயே இருந்தது

"சிறையில் சாதி பார்த்து வேலை கொடுத்ததெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போயிற்று" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியில்லை. வேர் வெள்ளைக்காரன் காலத்தது என்பது உண்மைதான், 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டம் அவர்கள் போட்டது. ஆனால் விதிகளை அப்படியே வைத்துக் காப்பாற்றியது நம் அரசுகள்.

உத்தரப் பிரதேசத்தில் இருந்த சிறை விதியைப் பாருங்கள். வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத தண்டனை) கைதியை இழிவான வேலை செய்யச் சொல்லக் கூடாதாம், அவர் அந்த வேலைக்குப் 'பழகிய' சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் ஒழிய! தன் தேவைக்குத் தண்ணீர் சுமப்பதற்குக்கூட வீட்டில் அந்த வழக்கம் உள்ள வகுப்பாக இருக்க வேண்டும். மேற்கு வங்க விதி, துப்புரவுக்கு எந்தச் சாதியார் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. படிக்கும்போது வயிறு எரிகிறது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம் இவற்றை ரத்து செய்தது. விதிகளை மூன்று மாதத்தில் திருத்தவும், கைதிகள் பதிவேட்டில் சாதிக்கான பத்தியை நீக்கவும் உத்தரவிட்டது. இதைக் கட்டாய உழைப்பைத் தடை செய்யும் அரசியலமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழும் நீதிபதிகள் பார்த்தார்கள்.

அப்புறம், "அது வடநாட்டுக் கதை" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பகுதியில் அடைத்ததும் அதே தீர்ப்பில் கண்டிக்கப்பட்டிருக்கிறது.